முன்னாள் படைவீரர்களுக்கு அரசுச் செலவில் கல்லறைத் தோட்டம்: அமெரிக்க மானியத் திட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு மாநில அரசோ பழங்குடி அரசோ முன்னாள் படைவீரர்களுக்குக் கல்லறைத் தோட்டம் அமைக்க முன்வந்தால், அனுமதிக்கப்பட்ட கட்டுமானச் செலவு முழுவதையும் மத்திய அரசே தரலாம். சாலை, கட்டடம், வடிகால், நீர்ப்பாசனக் குழாய் தொடங்கி முதல் புல்வெட்டும் இயந்திரம் வரை அந்தக் கணக்கில் அடங்கும். இருந்தும் பத்து, பதினைந்து ஆண்டுகள் இழுபறியில் கிடந்த திட்டங்கள் உண்டு. பெரும்பாலும் அவை கட்டுமானப் பணத்தில் சிக்குவதில்லை. நிலம், சட்டம், திறப்பு விழாவுக்குப் பிந்தைய பராமரிப்புச் செலவு ஆகிய மூன்றில்தான் சிக்குகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியும் மானிய விண்ணப்பத்துக்கு முன் செய்யவேண்டியவற்றுக்கே அதிக இடம் தருகிறது.

முதலில் ஒரு வேறுபாடு. சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது 1952-ல் உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்தவர்களுக்கானது. அங்கே புதிதாக யாரையும் அடக்கம் செய்வதில்லை. இங்கே நாம் பேசுவது, படையில் பணிபுரிந்து வீடு திரும்பி, எண்பது தொண்ணூறு வயதில் படுக்கையில் இறப்பவருக்கும் அவருடைய மனைவி அல்லது கணவருக்குமான இடம். வேலை நாள்தோறும் சவ ஊர்வலங்கள் வந்துபோகும், இயங்கிக்கொண்டே இருக்கும் ஒரு பொது நிறுவனம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1862 ஜூலை 17 அன்று, படைவீரர்களுக்கான தேசியக் கல்லறைகளுக்கு நிலம் வாங்க அனுமதிக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். 1973-ல் ராணுவத்திடமிருந்து 82 கல்லறைகள் இன்றைய முன்னாள் படைவீரர் நலத்துறையின் முன்னோடி அமைப்பின் கைக்கு மாறின. புகழ்பெற்ற ஆர்லிங்டன் இன்றும் ராணுவத்திடமே இருக்கிறது. எல்லா ஊருக்கும் தேசியக் கல்லறை கட்ட முடியாது என்பதால் 1978-ல் மாநிலங்களுக்கான மானியத் திட்டம் பிறந்தது. அப்போது மத்திய அரசு பாதிச் செலவைத்தான் ஏற்றது. 1998-ல் வந்த சட்டத்திருத்தம் அதை முழுச் செலவாக்கியது. தொடக்கக் கருவிகளின் விலையையும் சேர்த்தது. 2006-ல் பழங்குடி அரசுகளும் விண்ணப்பிக்கும் உரிமை பெற்றன. தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட் சூ பழங்குடியினர் அப்படித் தொடக்கத்திலேயே பயன்பெற்றவர்களுள் அடங்குவர்.

தேவையை நிறுவுதல்

நலத்துறையின் அளவுகோல் எளிமையானது. முன்னாள் படைவீரர் ஒருவரின் வீட்டிலிருந்து 75 மைலுக்குள், அதாவது சுமார் 120 கிலோமீட்டருக்குள், அவரை அடக்கம் செய்யத் திறந்திருக்கும் தேசிய அல்லது மாநிலக் கல்லறை ஒன்று இருக்கவேண்டும். இல்லையென்றால் அவர் வசதி எட்டாதவர்கள் கணக்கில் சேர்வார். நீங்கள் நினைக்கும் இடத்தைச் சுற்றி அந்த வட்டத்தை வரையுங்கள். ஏற்கெனவே இருக்கும் கல்லறைகளின் வட்டங்களையும் வரையுங்கள். எந்த வட்டத்துக்குள்ளும் வராத கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) எத்தனை படைவீரர்கள் வாழ்கிறார்கள் என்று கூட்டுங்கள். கவுண்டி வாரியான மக்கள்தொகை மதிப்பீடுகளை நலத்துறையே வெளியிடுகிறது.

அந்தக் கூட்டுத்தொகை 80,000-ஐத் தாண்டினால் தேசியக் கல்லறை ஒன்றையே கேட்கலாம்; முன்பு இந்த வரம்பு 1,70,000-ஆக இருந்தது. அதற்குக் கீழே இருந்தால் உங்கள் வழி மானியத் திட்டம்தான். ஐடஹோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேசியக் கல்லறையோ மாநிலப் படைவீரர் கல்லறையோ இல்லாத கடைசி மாநிலமாக இருந்த அது, 2004-ல் பாய்சியில் தன் முதல் கல்லறையைத் திறந்தது.

இந்தக் கட்டத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. படைவீரர் சங்கங்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி மனுவாகக் கொடுக்கின்றன. உணர்ச்சிக்கு அது நல்லது; ஆனால் நலத்துறையின் தரவரிசையில் கையெழுத்துகளுக்கு மதிப்பெண் இல்லை. அந்த உழைப்பைச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் செலவிடுங்கள்.

சட்டம்

மானியம் தனியாருக்கோ அறக்கட்டளைக்கோ கிடைக்காது. கல்லறையை நிறுவி, சொந்தமாக வைத்து, நடத்தும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ஏதேனும் ஒரு துறைக்கு வழங்கியிருக்கவேண்டும். பழங்குடி அரசாக இருந்தால் அதன் மன்றம் தீர்மானம் நிறைவேற்றவேண்டும். முன்மாதிரியாகப் பிற மாநிலச் சட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் படியெடுக்கும் முன் நான்கு விஷயங்களை நீங்களே முடிவு செய்தாகவேண்டும்.

யாருக்கு இடம் என்பது முதலாவது. மத்திய அரசின் தகுதி விதிகள்தான் அடித்தளம்: அவமதிப்புடன் வெளியேற்றப்படாத படைவீரர், அவருடைய வாழ்க்கைத் துணை, வயது வராத பிள்ளைகள், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு உடற்குறையால் பெற்றோரைச் சார்ந்து வாழும் வயதுவந்த பிள்ளைகள். மாநிலம் விரும்பினால் வசிப்பிட நிபந்தனையைக் கூடுதலாகச் சேர்க்கலாம். சேர்க்காதீர்கள் என்பது என் கருத்து. இருபது ஆண்டுகள் இடம் மாறி மாறிப் பணிபுரிந்தவரிடம் சொந்த ஊர்ச் சான்று கேட்பது பொருத்தமில்லை. மாநில எல்லைக்கு அப்பால் பத்து மைலில் வாழ்பவருக்கு உங்கள் கல்லறைதான் அருகிலிருப்பதாக இருக்கும். யாருக்கு இடமில்லை என்பதையும் மத்தியச் சட்டம் சொல்கிறது. ஓக்லஹோமா குண்டுவெடிப்பில் தண்டிக்கப்பட்ட திமோதி மெக்வே வளைகுடாப் போரில் பங்கேற்ற படைவீரர். அவர் தேசியக் கல்லறையில் அடக்கம் கோரலாம் என்ற நிலை எழுந்ததும், மரண தண்டனைக்குரிய குற்றம் செய்தவர்களை விலக்கும் சட்டம் 1997-ல் அவசரமாக இயற்றப்பட்டது. மானியத்தில் எழும் கல்லறைகளையும் இத்தகைய விலக்குகள் கட்டுப்படுத்துகின்றன.

தேசியக் காவல்படை, ரிசர்வ் படை உறுப்பினர்கள் இரண்டாவது. முழுநேரப் பணி போதாததால் இவர்களில் பலர் மத்திய விதிப்படி தகுதி பெறமாட்டார்கள். இவர்களையும் மாநிலக் கல்லறைகளில் அடக்கம் செய்ய 2022-ல் வந்த சட்டம் வழிவிட்டது. அதனால் மானியத்தை இழக்கும் அச்சம் இப்போது இல்லை. உங்கள் சட்டத்தில் இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, கட்டணம் வசூலிக்கும் அதிகாரம். நான்காவது, நிரந்தரப் பராமரிப்பு நிதி. இவை இரண்டும் அடுத்த பகுதியில் வருகின்றன. இன்னொரு நிபந்தனையை மாநில நிதித்துறை தவறாமல் கவனிக்கும்: அந்த இடம் படைவீரர் கல்லறையாக இயங்குவது என்றைக்காவது நின்றால், கொடுத்த மானியம் முழுவதையும் மத்திய அரசு திரும்பப் பெறலாம். இதற்குக் காலவரம்பு கிடையாது.

பராமரிப்புப் பணம்

எல்லோரும் இதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். நான் இதை இரண்டாவது மாதத்திலேயே முடிக்கச் சொல்வேன்.

மத்திய அரசு கட்டிக்கொடுக்கும். நடத்துவது மாநிலத்தின் பொறுப்பு, என்றென்றைக்கும். தேய்ந்த சாலையைப் புதுப்பிக்கவும் சாய்ந்த நடுகற்களை நிமிர்த்தவும் பின்னாளில் தனி மானியம் கேட்கலாம் என்றாலும், அன்றாடச் சம்பளம், எரிபொருள், தண்ணீர், உரம் எல்லாம் மாநிலக் கணக்கில்தான். தொடர் வருவாய் என்று சொல்ல இரண்டே இரண்டு உண்டு. தகுதியுள்ள படைவீரர் ஒருவரைக் கட்டணமின்றி அடக்கம் செய்தால் நலத்துறை மாநிலத்துக்கு மனைப்படி தரும். 2011-ல் 700 டாலராக உயர்த்தப்பட்ட இந்தத் தொகை, விலைவாசியைப் பின்பற்றி ஆண்டுதோறும் ஏறி, இப்போது ஆயிரம் டாலரை ஒட்டி நிற்கிறது. வாழ்க்கைத் துணைக்கு இந்தப் படி கிடையாது. அதனால் பல மாநிலங்கள் துணையின் அடக்கத்துக்கு ஒரு சிறு கட்டணம் வாங்குகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 400 அடக்கங்கள் நடக்கின்றன, அவற்றில் 250 படைவீரர்களுடையவை என்று வைத்துக்கொள்வோம். படியாக வருவது ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர். ஒரு மேலாளர், இரண்டு அலுவலகப் பணியாளர்கள், ஐந்து தோட்டப் பணியாளர்கள் என்று எட்டுப் பேருக்குச் சம்பளமும் காப்பீடும் கொடுக்கவே அது போதாது. மீதியை யார் தருவார், எந்தத் தலைப்பில் தருவார் என்று வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்கவேண்டும்.

கலிஃபோர்னியா இதை வேறு வகையில் கையாண்டது. மான்டரே கவுண்டியில் ஃபோர்ட் ஆர்ட் என்ற பெரிய ராணுவத் தளம் 1994-ல் மூடப்பட்டது. அங்கே படைவீரர் கல்லறை வேண்டும் என்ற கோரிக்கை அந்தக் காலத்திலேயே எழுந்தது. பராமரிப்புக்கான வைப்பு நிதி சேர்ந்த பிறகுதான் விண்ணப்பம் என்ற வகையில் மாநிலச் சட்டம் அமைந்ததால், உள்ளூர் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் நிதி திரட்ட வேண்டியிருந்தது. கல்லறை 2016 அக்டோபரில்தான் திறந்தது. முதல் கட்டத்தில் அஸ்தி வைக்கும் மாடங்கள் மட்டுமே. சவப்பெட்டியோடு புதைக்க விரும்பிய குடும்பங்கள் அதற்குப் பிறகும் காத்திருக்க நேர்ந்தது. வைப்பு நிதி முறை மாநிலக் கருவூலத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் பொதுக் கடமை ஒன்றை நன்கொடைப் பெட்டியின் வேகத்துக்குக் கட்டிப்போட்டுவிடுகிறது. எழுபது வயதுக்காரர்களுக்கான திட்டத்தில் இருபது ஆண்டுத் தாமதம் என்பது, கோரிக்கை வைத்தவர்களில் பலரும் பயன்பெறாமலேயே போவது. ஆண்டு ஒதுக்கீட்டைச் சட்டத்திலேயே உறுதிசெய்வது மேல்.

நிலம்

மானியத்தில் நிலத்தின் விலை சேராது. நிலத்தை விண்ணப்பதாரர்தான் கொண்டுவரவேண்டும். எனவே இலவசமாகக் கிடைக்கும் நிலத்தைத் தேடித்தான் எல்லோரும் போகிறார்கள்: மாநிலப் புறம்போக்கு, மூடப்பட்ட ராணுவத் தளம், பண்ணையார் ஒருவரின் நன்கொடை. தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் பழமொழி. இந்த வேலையில் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியின் கதை இதற்குச் சான்று. எல் டோரோ கடற்படை வீரர் விமானத் தளம் 1999-ல் மூடப்பட்டது. அங்கே கல்லறை அமைக்க 2014-ல் மாநிலச் சட்டம் வந்தது. இர்வைன் நகரம் 125 ஏக்கரை ஒதுக்கியது. படைவீரர்கள் பணிபுரிந்த மண்ணிலேயே அவர்களுக்கு ஓய்விடம் என்பதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் அந்த நிலத்தில் பழைய கட்டடங்களும் ஓடுபாதைக் கான்கிரீட்டும் இருந்தன. அவற்றை இடித்து அகற்றும் செலவு திட்டத்தையே விழுங்கும்போல் தெரிந்தது. உடனே நிலமாற்று யோசனை வந்தது. நகரம் இரண்டாகப் பிளந்தது. 2018 ஜூனில் வாக்கெடுப்பு நடந்து மாற்று யோசனை தோற்றது. மேலும் சில இடங்கள் அலசப்பட்டன. கடைசியில் 2021-ல் கவுண்டியின் ஆதரவு ஆனஹைம் மலைப்பகுதியிலுள்ள கிப்சம் கேன்யன் பக்கம் திரும்பியது. இத்தனைக்கும் கல்லறை வேண்டாம் என்று சொன்னவர்கள் சொற்பம். எங்கே என்பதில்தான் ஏழாண்டுகள் போயின.

ஆகவே நிலத்தைப் பொதுவில் அறிவிக்கும் முன் பின்வருவனவற்றை எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

1. மண் ஆய்வு. குறிப்பிட்ட இடைவெளியில் துளையிட்டு, புதைக்கும் ஆழம் வரை பாறை இல்லை என்பதையும், மழைக்காலத்திலும் நிலத்தடி நீர்மட்டம் அந்த ஆழத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்பதையும் உறுதிசெய்யவேண்டும். கோடையில் எடுத்த ஒற்றை அளவை நம்பாதீர்கள்.

2. சரிவு. 2 முதல் 15 விழுக்காடு வரை நல்லது. முற்றிலும் தட்டையான நிலத்தில் நீர் தேங்கும். செங்குத்தான இடத்தில் சக்கர நாற்காலியும் புல்வெட்டும் இயந்திரமும் ஏறாது.

3. பத்திரம். மேல்மண் உங்களுடையது, கனிம உரிமை வேறொருவருடையது என்ற நிலை அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் சாதாரணம். கல்லறைக்கு அடியில் எண்ணெய் எடுக்கும் உரிமை யாரிடமும் இருக்கக் கூடாது. மின்கம்பி, எரிவாயுக் குழாய் செல்லும் வழியுரிமைகளையும் பாருங்கள்.

4. தண்ணீர். வறண்ட மாநிலங்களில் பசும்புல் என்பது ஆண்டு முழுவதும் வரும் செலவு. தண்ணீர் உரிமை நிலத்தோடு சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், புல்லுக்குப் பதில் சரளைக்கல்லும் உள்ளூர்ச் செடிகளும் கொண்ட வடிவமைப்பை முதலிலிருந்தே யோசியுங்கள்.

5. அளவு. குறைந்தது இருபது ஆண்டுத் தேவைக்கு இடம் இருக்கவேண்டும். மானியத்தில் ஒரு கட்டத்துக்குக் கட்டப்படுவது பொதுவாகப் பத்தாண்டுத் தேவைக்கு மட்டுமே; மீதி நிலம் பிறகு விரிவாக்கத்துக்கு.

இவற்றுக்கு மேல், மத்தியப் பணம் கலப்பதால் சுற்றுச்சூழல் மதிப்பீடும், தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி ஆலோசனையும் கட்டாயம். மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அதிகாரியிடமும், அந்த மண்ணோடு தொடர்புடைய பழங்குடியினரிடமும் கருத்துக் கேட்கவேண்டும். இதை வெறும் காகித வேலையாக நினைக்காதீர்கள். புதிய கல்லறைக்குத் தோண்டும்போது ஒரு பழைய புதைகுழி வெளிப்பட்டால் வேலை அங்கேயே நிற்கும், நிற்கவும் வேண்டும்.

முன்விண்ணப்பமும் தரவரிசையும்

அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற, முன்விண்ணப்பம் அதற்கு முந்தைய ஜூலை 1-க்குள் போய்ச் சேரவேண்டும். மத்திய அரசின் வழக்கமான எஸ்எஃப்-424 படிவம், தேவை பற்றிய விளக்கம், நில வரைபடம், தோராயச் செலவு மதிப்பீடு, சட்ட அதிகாரத்துக்கான சான்று ஆகியவை இதில் அடங்கும்.

பட்டியல் நான்கு தொகுதிகளாகப் பிரிகிறது. நான்கு ஆண்டுகளுக்குள் இடம் தீர்ந்துபோய்ச் சேவை தடைபடக்கூடிய ஏற்கெனவே இயங்கும் கல்லறைகளுக்கு முதலிடம். புதிய கல்லறைகள் இரண்டாவது தொகுதியில் வருகின்றன. எத்தனை பேருக்குப் புதிதாக வசதி கிடைக்கும் என்பதைப் பொறுத்து அவற்றுக்குள் வரிசை. பிற விரிவாக்கங்களும் மேம்பாட்டுப் பணிகளும் அடுத்தடுத்த தொகுதிகள். நாடு முழுவதற்கும் சேர்த்து அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 முதல் 6 கோடி டாலர்தான் ஒதுக்கப்படுகிறது. மானியம் பெற்ற கல்லறைகள் 120-ஐத் தாண்டிவிட்டதால் முதல் தொகுதியே பெரும்பங்கை உறிஞ்சிவிடும். முதல் ஆண்டு கிடைக்கவில்லையென்றால் மறுபடியும் விண்ணப்பியுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வரிசையில் உங்கள் முறை வந்ததும் நலத்துறை வாய்ப்புக் கடிதம் அனுப்பும். அது பணம் அல்ல. அதன் பிறகு நீங்கள் கட்டடக் கலைஞரை அமர்த்தி, முழு வரைபடங்களைத் தயாரித்து, நலத்துறையின் ஒப்புதல் பெற்று, ஒப்பந்தப்புள்ளி கோரவேண்டும். வந்த ஒப்பந்தப்புள்ளிகளின் அடிப்படையில்தான் மானியத் தொகை முடிவாகும். வடிவமைப்புச் செலவை மாநிலம் முன்பணமாகப் போட்டுப் பிறகு திரும்பப் பெறும். அந்த முன்பணத்துக்கு ஒதுக்கீடு இல்லாத மாநிலம், முறை வந்தும் நழுவவிட நேரிடும்.

வடிவமைப்பு

இறுதிச் சடங்கு குழியருகே நடப்பதில்லை. நாற்புறமும் திறந்த ஒரு சிறு மண்டபத்தில் இருபது முப்பது நிமிடங்களில் அது முடியும். பொதுவாகக் குடும்பத்தினர் கலைந்த பிறகுதான் அடக்கம். ஒரே நாளில் பல சடங்குகள் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்க இதுவே வழி. எனவே வண்டிகள் வரிசையாக நிற்கப் போதிய நீளமுள்ள பாதை, ஒரு குடும்பம் வெளியேறும்போது அடுத்த குடும்பத்தை எதிர்கொள்ளாத சாலைச் சுற்று ஆகியவற்றை முதலில் வரையுங்கள். கொடிக்கம்பச் சாலையும் நுழைவாயில் வளைவும் பிறகு.

வழக்கமான குழிக்கு 5 அடிக்கு 10 அடி இடம் வேண்டும். கட்டுமானத்தின்போதே சரளைக்கல் படுகையில் கான்கிரீட் பேழைகளை வரிசையாக இறக்கி மேலே புல் வளர்த்துவிட்டால், ஒன்றுக்கு 3 அடிக்கு 8 அடி போதும். நிலத் தேவை பாதிக்கும் கீழே போகிறது. இரட்டை ஆழமுள்ள அந்தப் பேழையில் கணவன் மனைவி இருவருக்கும் இடம் உண்டு. பேழைச் செலவு மானியத்தில் சேரும். பின்னாளில் குழி சரிந்து புல்தரை அமிழ்வதும் குறையும். குளிரில் மண் உறையும் வட மாநிலங்களில் இது இன்னும் பெரிய உதவி.

அமெரிக்காவில் இன்று பாதிக்கும் மேற்பட்டோர் எரியூட்டலையே தேர்ந்தெடுக்கிறார்கள். அஸ்தி மாடங்கள், அஸ்தியைப் புதைக்கும் சிறு மனைகள், அஸ்தி தூவும் தோட்டம் ஆகியவற்றின் விகிதத்தை உங்கள் பகுதியின் இறுதிச் சடங்கு நிலையங்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தேசிய சராசரியை அப்படியே போடாதீர்கள். கத்தோலிக்கர் மிகுந்த கவுண்டியும் கடலோர நகரமும் ஒன்றல்ல.

நடுகல்லை நலத்துறை இலவசமாகத் தருகிறது. நிமிர்ந்து நிற்கும் வகை 42 அங்குல நீளம், 13 அங்குல அகலம், 4 அங்குலத் தடிமன். எடை சுமார் 230 பவுண்டு. பாதிக்கும் சற்று மேல்தான் வெளியே தெரியும். துணையின் பெயர் கல்லின் பின்புறம் பொறிக்கப்படும். அங்கீகரிக்கப்பட்ட சமயச் சின்னங்களின் பட்டியலில் சிலுவையோடும் பிறையோடும் இந்துக்களுக்கான ஓம் குறியும் உண்டு. அமெரிக்கப் படைகளில் பணிபுரியும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது தெரிந்திருக்கட்டும்.

கட்டுமானம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை: திறப்பு நாளை அரசியல் நாட்காட்டி பார்த்துக் குறிக்காதீர்கள். விதைத்த புல் வேர் பிடிக்க ஒரு பருவம் வேண்டும். மே மாத இறுதியில் வரும் நினைவு நாளுக்குள் திறந்தாகவேண்டும் என்று அவசரப்பட்டால், முதல் குடும்பங்கள் சேற்றில் நடக்கும்.

நடத்துதல்

திறப்புக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே மேலாளரை அமர்த்துங்கள். தேசியக் கல்லறை நிர்வாகத்துக்குச் செயின்ட் லூயிஸ் நகரில் பயிற்சி மையம் இருக்கிறது; மாநிலப் பணியாளர்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு. நடுகல் வரிசையின் உயரமும் நேர்கோடும், புல்லின் அடர்த்தி, அமிழ்ந்த மனையை நிரப்பும் வேகம் என எல்லாவற்றுக்கும் அளவுகோல்கள் இருக்கின்றன. மானியம் பெற்ற கல்லறைகளை நலத்துறையினர் வந்து சோதிப்பார்கள்.

முன்பதிவை இப்போதே தொடங்குங்கள். பணி விடுவிப்புச் சான்றான டிடி-214 படிவம் கைவசம் இல்லாமல் இறப்புக்குப் பிறகு அலையும் குடும்பங்கள் மிக அதிகம். உயிரோடு இருக்கும்போதே தகுதியைச் சரிபார்த்து வைத்தால் அந்தத் துயரம் மிச்சம். ராணுவ மரியாதைக்குச் சட்டப்படி குறைந்தது இரண்டு சீருடை வீரர்கள் வரவேண்டும். ஒருவராவது இறந்தவர் பணிபுரிந்த படையை (தரைப்படை, கடற்படை போன்றவை) சேர்ந்தவராக இருக்கவேண்டும். கொடியை மடித்துக் குடும்பத்திடம் கொடுப்பதும், டாப்ஸ் என்ற எக்காள இசையும் அதில் அடங்கும். துப்பாக்கி வேட்டு பெரும்பாலும் உள்ளூர்ப் படைவீரர் சங்கங்களின் தொண்டர்களால் நடக்கிறது. அவர்களுக்கும் வயதாகிறது, இளையவர்களைச் சேர்க்கும் வேலையை இப்போதே அவர்களோடு பேசுங்கள்.

உங்கள் ஊர் இறுதிச் சடங்கு நிலையங்களின் அலமாரிகளில் யாரும் கேட்டு வராத அஸ்திக் கலசங்கள் இருக்கக்கூடும். அவற்றுள் படைவீரர்களுடையவற்றைக் கண்டறிவதற்கென்றே மிஸ்ஸிங் இன் அமெரிக்கா பிராஜெக்ட் என்ற தொண்டர் அமைப்பு இயங்குகிறது. அவர்களோடு பேசி, திறந்த முதல் ஆண்டிலேயே அந்தக் கலசங்களுக்கு மாடம் ஒதுக்குங்கள்.

முதல் நாளிலிருந்தே மாதந்தோறும் எத்தனை மனைகள், எத்தனை மாடங்கள் மீதமிருக்கின்றன என்று வகைவாரியாக எழுதிவையுங்கள். மீதி நான்கு ஆண்டுக்கு மட்டுமே போதும் என்ற நிலை எந்த வகையில் வந்தாலும், அடுத்த ஜூலை 1-க்குள் விரிவாக்கத்துக்கான முன்விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். இந்தமுறை நீங்கள் முதல் தொகுதியில் இருப்பீர்கள்.